எண்பத்தாறு கம்பிகளைத் தேடிய அம்மையாருக்கு

உருக்கின் உள்ளியல்பு உணர்ந்தவரே, உண்மையை உரைக்க ஒருநாளும் தயங்காதவரே, முப்பத்தொரு ஆண்டுகள் உலையின் அனலையும் உணவுக்கூடத்துச் சாம்பாரையும் எங்களோடு சரிசமமாய்ப் பகிர்ந்துகொண்டவரே, கேள்வியைக் கைவிளக்காய் ஏந்திக் கேட்பாரற்றுக் கிடந்த மூலைகளுக்கெல்லாம் வெளிச்சம் கொண்டுபோனவரே, எங்கள் சோதனைக் கூடத்தின் தலைவியே, பெருமதிப்பிற்குரிய பிரபாவதி அம்மையீர், உங்களுக்கு எங்கள் அன்பு வணக்கம்.

இத்தகைய மடல்களில் விடைபெறுபவரை எதிரில் அமர்த்தி, 'நீங்கள் இப்படி, நீங்கள் அப்படி' என்று அடுக்குவது வழக்கம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து, மேடை மின்விசிறி ஏன் இப்படி ஆடுகிறது என்று பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே இனி வருவதை அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் அமர்ந்து கேட்டால் போதும். பிழை இருந்தால் முடிவில் திருத்துங்கள்.

அவையோரே, அம்மையாரின் குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் வந்திருக்கிறீர்கள். நாங்கள் இங்கே என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். வேனோ காரோ வேகமாய் ஒரு வளைவில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும். அப்படிச் சாயவிடாமல் வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் அடியில் இணைத்துப் பிடித்துக்கொள்வது ஒரு வளைந்த உருக்குக் கம்பி. வரைபடத்தில் ஸ்வே பார் என்று எழுதுவோம். பட்டறைக்காரர்கள் ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள். ஒரு சக்கரம் மேலேறி மறு சக்கரம் கீழிறங்கும்போதெல்லாம் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு, பிறகு தன் நிலைக்குத் திரும்பும். ஒரு நாளில் பல்லாயிரம் முறை முறுக்கியும் முறியாமல் இருக்க வெறும் இரும்பு போதாது. அளவான கார்பனும் கொஞ்சம் குரோமியமும் சேர்ந்த ஸ்பிரிங் உருக்கு வேண்டும். அதை உலையில் எண்ணூற்று எண்பது டிகிரிக்குச் சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு வளைத்து, எண்ணெயில் முக்கிச் சட்டென்று ஆற்றுவோம். அப்போது அது கண்ணாடி போல் கடினமாகிவிடும். கை தவறிக் கீழே விழுந்தால் உடைந்தாலும் உடையும். மறுபடியும் இன்னோர் அடுப்பில், நானூற்று முப்பது டிகிரியில், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து எடுத்தால்தான் கடினமும் நெகிழ்வும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக் குடும்பம் நடத்தும்.

அந்தக் குடும்பம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் பிரபாவதியின் வேலை. கரூரில் பிறந்து, உலோகவியல் படித்து, கல்பாக்கத்தில் வேலை பார்த்த நரசிம்மனை மணந்து செங்கல்பட்டுக்கு வந்தவர் அவர். இங்கே சேர்ந்த முதல் ஆண்டிலேயே உணவுக்கூடத்துக் கரண்டியின் காம்பு ஒரு நாள் முறிந்தது. எல்லாரும் வேறு கரண்டி கேட்டார்கள். அவர் முறிந்த காம்பைக் கேட்டார். அதை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் முறிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அரைப் பக்கக் குறிப்பு எழுதி உணவுக்கூடத்துக்கே அனுப்பினார். அதுவரை இரண்டு நாள் குழம்பைத் தம்ளரால் மொண்டு ஊற்றினார்கள். நேரம் தவறாமை, கடமை, கண்ணியம் என்று மற்ற மடல்கள் சொல்வதெல்லாம் அவரிடமும் உண்டு. ஆனால் எங்களுக்கு அவர் என்றதும் நினைவுக்கு வருவது அந்தக் கரண்டிதான். எது உடைந்தாலும், உடைந்ததே என்று வருந்துவதற்கு முன்பு, ஏன் உடைந்தது என்று அறிய ஆசைப்படுவார்.

அந்த ஆசை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல். மாமல்லபுரத்தில் வேன்கள் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் ஏசுதாஸ், பைக்கின் பின்னால் ஒரு கோணிப்பையைக் கட்டிக்கொண்டு நம் தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். புகார் என்றால் விற்பனை முகவர் வழியாகத்தான் வர வேண்டும் என்று காவலர் தடுத்தார். முகவரிடம் மூன்று முறை போயாயிற்று, பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று ஏசுதாஸ் குரலை உயர்த்தினார். அந்த வழியாக வந்த பிரபாவதியின் கண்ணில், பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முறிந்த முனை பட்டது. காவலரோடு விதியைப் பேச அவருக்குப் பொறுமையில்லை. அவரே வாசலைத் தாண்டி வெளியே போய், சாலையோர வேப்பமர நிழலில் பையை அவிழ்க்கச் சொன்னார்.

"இன்னா மேடம் இது? மூணு வேனு, மூணு ராடு. ஒண்ணு கூட ஆறு மாசம் தாங்கல. அல்லாம் உங்க கம்பெனி மால்தான்," என்றார் ஏசுதாஸ்.

மூன்றாவது கம்பி முந்தின நாள்தான் முறிந்திருந்தது. திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் திருவிழா பார்த்துவிட்டுப் பதினெட்டுப் பேரோடு திரும்பிய வேன் அது. ஊரைத் தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது வண்டி படகு போலச் சாய்ந்திருக்கிறது. ஓட்டுநர் திருப்பத்தை விட்டு நேரே வேர்க்கடலை வயலுக்குள் இறக்கி நிறுத்திவிட்டார். ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டில் சிராய்ப்பு, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. வயல் இருந்த இடத்தில் கிணறு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஏசுதாஸ் கேட்டார்.

பிரபாவதி முறிந்த முகத்தை வெயிலுக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது நேத்து உடைஞ்சது இல்லைங்க. ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா உடைஞ்சிட்டே இருந்திருக்கு," என்றார்.

அது எப்படித் தெரியும் என்று ஏசுதாஸ் குனிந்தார். பிரபாவதி விரல் வைத்துக் காட்டினார். கம்பியின் மேல்தோலில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லிய வளைகோடுகள். ஒவ்வொரு கோடும் விரிசல் ஒரு நாள் வந்து நின்ற இடம். அலை ஏறி மணலில் விட்டுப்போன கோடு மாதிரி இருக்கிறது என்றார் ஏசுதாஸ். கடலோரத்துக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்று கம்பியிலும் வெவ்வேறு இடத்தில் முறிவு. ஆனால் மூன்றுமே மேல்தோலில் தொடங்கியவை. மூன்றிலும் பொறித்திருந்த உலை எண் ஒன்றுதான். ஒரே நாளில், ஒரே உலையில், ஒன்றாக வெந்தவை.

விவகாரம் தொழிற்சாலை மேலாளர் சுப்புராமனிடம் போனது. அடுத்த வியாழக்கிழமை பெரிய வாடிக்கையாளர் ஒருவர் பார்வையிட வருவதாக இருந்ததால், அதற்குள் காரணம் கண்டு கோப்பை மூடிவிட அவர் விரும்பினார். உலையின் வெப்பப் பதிவை எடுத்துப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், உலைக்குள் கம்பிகளை நகர்த்தும் சங்கிலி சிக்கி நின்றிருக்கிறது. உள்ளே எண்பத்தாறு கம்பிகள். சங்கிலியைச் சரிசெய்யும்வரை அவை ஐம்பது நிமிடம் அதிகமாகச் சூட்டில் கிடந்திருக்கின்றன. அவற்றைக் கழிக்காமல் அனுப்பியவர், அன்று உலையில் நின்ற சுப்பிரமணி.

சுப்பிரமணி செய்யூர் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக உலையடியில் நின்றவர். விசாரணையில், சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன் என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னாய் என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே அவர் தற்காலிகமாக நீக்கப்பட்டார்.

எல்லாருக்கும் நிம்மதி. பிரபாவதிக்கு மட்டும் அது வரவில்லை. கம்பிகள் ஐம்பது நிமிடம் கூடுதலாகக் கிடந்தன என்பது நடந்த செய்தி. அந்த ஐம்பது நிமிடம் கம்பியை என்ன செய்தது என்று யாரும் சொல்லவில்லையே. முறிந்த மூன்றையும் கடினமானியில் வைத்துப் பார்த்தார். நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கு, நாற்பத்து நான்கரை. வரைபடம் கேட்டதும் அதுதான். சூடு அதைக் கெடுத்திருந்தால் எண்ணிலும் அது தெரிந்திருக்க வேண்டும். எண் சரி, கம்பி சரியில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும்?

இரண்டு நாள் இதே நினைப்பாகத் திரிந்தார். உணவுக்கூடத்தில் எதிரில் இருந்தவர் வெண்டைக்காய்ப் பொரியலைப் பற்றிக் கேட்டதற்கு, "மேல்தோல்ல ஆரம்பிக்குது, ஆனா உள்ளே நல்லா இருக்கு," என்று பதில் சொன்னதாகக் கூட எங்களில் ஒருவர் சாட்சி சொல்வார்.

மூன்றாம் நாள் காலை, வழக்கமான சோதனை ஒன்றுக்காக ஒரு கம்பியைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கடினமானியின் வைர முனை அழுத்துவதற்குத் தட்டையான, சுத்தமான இடம் வேண்டும். அதற்காக மேலே அரை மில்லிமீட்டர் தேய்த்துவிடுவோம். அப்படித் தேய்க்கச் சொல்லி விதி எழுதியவரே பிரபாவதிதான், வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில். சக்கரத்தின் அடியில் பொடி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கம்பியைப் பார்க்காமல் அந்தப் பொடியையே பார்த்தபடி நின்றார். பிறகு சாணையை நிறுத்தச் சொன்னார்.

முறிந்த கம்பியிலிருந்து வட்டமாக ஒரு சில்லு அறுத்தார். சாணை படாத தோலோடு அதைப் பிசினில் பதித்து, கண்ணாடியாக மின்னும்வரை மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சில துளி கலந்த சாராயத்தில் நனைத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். நடுவெல்லாம் கறுத்துச் செறிந்த நல்ல உருக்கு. ஓரத்தில் மட்டும், சுற்றிலும், ஒரு வெள்ளை விளிம்பு. அதிக நேரம் சூட்டில் கிடந்ததால் மேல்தோலில் இருந்த கார்பன் காற்றோடு சேர்ந்து எரிந்து போயிருக்கிறது. கார்பன் போன தோல், மெத்தென்ற வெறும் இரும்பு. கம்பி முறுக்கும்போது மிக அதிகமாக வருந்துவது அந்தத் தோல்தான். விளிம்பின் ஆழத்தை அளந்தார்: மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விதிப்படி நாம் தேய்த்து எறிந்தது அரை மில்லிமீட்டர். ஒருவருடைய தோலை உரித்துவிட்டு, தோல்நோய் ஏதுமில்லை என்று சான்று கொடுத்திருக்கிறோம்.

கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் கால் மணி நேரம் இருந்தது. கார்த்திகையில் அந்த எண்பத்தாறைச் சோதித்துச் சரி என்று சொன்னவர் யார் என்ற அடுத்த கேள்வி வந்தது. அலமாரியிலிருந்து அந்த மாதத்துப் பதிவேட்டை எடுத்தார்.

பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து. 'உலை நின்றது. அரம் வழக்கத்தைவிட அதிகமாகக் கடிப்பதாகச் சுப்பிரமணி போனில் சொன்னார். மூன்று கம்பி பார்த்தேன். கடினம் 44. அனுப்பலாம்.' கீழே ஒரு 'பி'. அரம் அதிகமாகக் கடிக்கிறது என்றால் தோல் மெத்தென்று இருக்கிறது என்று உலையடியில் பொருள்.

அந்த அழைப்பு அவருக்கு நினைவிலேயே இல்லை. நாளைக்குப் பத்து அழைப்பு வரும், அதில் ஒன்று. ஐந்தாறு முறை படித்தார் என்றும், ஒவ்வொரு முறையும் அது வேறொருவர் எழுதியதாக இருந்துவிடக் கூடாதா என்று தோன்றியது என்றும் பின்னாளில் அவரே எங்களிடம் சொன்னார். அன்று அவர் கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் திறக்கவில்லை.

அந்தப் பதிவேட்டை அவரைத் தவிர வேறு யாரும் புரட்டுவதில்லை. விசாரணையில் யாரும் அதைக் கேட்கவுமில்லை. அடுத்த தணிக்கை முடிந்ததும் பழைய பதிவேடுகளோடு அதுவும் கழிந்து போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து பேருந்து ஏறிச் செய்யூர் போனார். கைப்பையில் செய்தித்தாளில் சுற்றிய நான்கு கம்பித் துண்டுகள். இரண்டு அந்த எண்பத்தாறைச் சேர்ந்தவை, இரண்டு நல்லவை. சவுக்குத் தோப்பை ஒட்டிய வீட்டில் சுப்பிரமணி வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். மேடத்தைக் கண்டதும் எழுந்து நின்றவர், எத்தனை சொல்லியும் உட்காரவில்லை. அவர் மனைவி வேண்டா மோர் கொண்டுவந்து வைத்தார்.

பிரபாவதி விசாரணையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. துண்டுகளை வரிசையாக வைத்து, அரம் இருந்தால் எடுத்து வாருங்கள், எது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். சுப்பிரமணி ஒவ்வொன்றின் மேலும் அரத்தை ஒரே ஒரு முறை இழுத்தார். இரண்டாவதும் நான்காவதும் தோல் மெத்தென்று இருக்கிறது, உள்ளே கல் என்றார். பிரபாவதி துண்டுகளைக் கலைத்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். மறுபடியும் சரியாகச் சொன்னார். ஆறு முறை கலைத்தார். ஆறு முறையும் தவறவில்லை. பிரபாவதி எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"அன்னிக்கு எங்கிட்டதானே போன்ல சொன்னீங்க? விசாரணையில ஏன் எம்பேரச் சொல்லல?"

சுப்பிரமணி அரத்தைத் துடைத்தார். "நீங்க மிஷின்ல பாத்துட்டு சரின்னுட்டீங்க. நானும் மிஷினத்தான் மேடம் நம்புனேன். என் அரந்தான் பூட்சின்னு மறுநாளே வேற அரம் வாங்கியாந்தேன்."

"நாலு நாளா இப்டியேதான் குந்திகினு கீறாரு மேடம். இன்னா ஆச்சின்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றாரு," என்றார் வேண்டா, வாசற்படியிலிருந்து.

சுப்பிரமணியின் அந்தப் பதிலுக்குப் பிரபாவதி தயாராக வந்திருக்கவில்லை. கோபப்படுவார், குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தார். தன்னைக் காப்பாற்றத்தான் அவர் பேசாமல் இருந்தார் என்றுகூட ஒரு பக்கம் நினைத்திருந்தார். இரண்டும் இல்லை. ஒரு மனிதர் தன் கையைவிடத் தன் மேலதிகாரி சொன்ன ஓர் எண்ணை நம்பி, தன் கையிலேயே ஐயம் கொண்டு, புதுக் கருவி வாங்கியிருக்கிறார். திரும்பி வரும் பேருந்தில் சன்னல் பக்கம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார். எதையும் பார்க்காமல் அவர் ஒரு பயணம் போனது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை காலை மேலாளர் அறையில் பதிவேட்டை விரித்து வைத்தார். பக்கத்தில் நுண்ணோக்கிப் படம், நான்கு துண்டுகள், சுப்பிரமணியிடம் கேட்டு வாங்கி வந்த அரம். சுப்புராமன் படித்து முடித்து, எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவரைப் பொல்லாதவராக யாரும் நினைக்க வேண்டாம். பிரபாவதியின் நன்மைக்காகத்தான் சொன்னார்: இந்தப் பதிவேட்டை யாரும் கேட்கவில்லை, சுப்பிரமணியை ஓர் எச்சரிக்கையோடு திரும்ப அழைத்துக்கொள்ளலாம், தேய்க்கும் விதியை ஓசையில்லாமல் மாற்றிவிடலாம், வியாழக்கிழமை வருகிறவர்களுக்கு இது தெரிய வேண்டியதில்லை.

"சார், இன்னும் எண்பத்துமூணு கம்பி வண்டிங்களுக்கு அடியில ஓடிட்டிருக்கு. சுப்பிரமணியைத் திரும்பக் கூப்பிட்டா அதுங்க நிக்காது," என்றார் பிரபாவதி.

"கஸ்டமர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"தப்பு சோதனைக் கூடத்தோடது, கையெழுத்துப் போட்டது நான்னு சொல்லுங்க. எண்பத்துமூணையும் கழட்டிட்டிருக்கோம்னும் சேர்த்துச் சொல்லுங்க."

சுப்புராமனும் ஒரு காலத்தில் உலையடியில் பயிற்சியாளராக நின்றவர்தான். மேசையிலிருந்த அரத்தை எடுத்து ஒரு துண்டின் மேல் இழுத்தார். அடுத்ததன் மேல் இழுத்தார். திரும்ப முதல் துண்டுக்கு வந்தார். அவர் கைக்கும் அது தெரிந்தது. அரத்தை வைத்துவிட்டு, கிடங்குக்குப் போன் செய்து, அந்த எண்ணுள்ள கம்பிகள் எந்தெந்த முகவருக்குப் போயின என்ற பட்டியலைக் கேட்டார்.

விளைவுகள் வந்தன. வாடிக்கையாளர் புது ஒப்பந்தத்தை ஓராண்டுக்குத் தள்ளிவைத்தார். பிரபாவதிக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது; அந்த ஆண்டு அவருக்கு வரவிருந்த தலைமைப் பொறுப்பு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. சுப்பிரமணி மறுநாளே வேலைக்குத் திரும்பினார். தேய்ப்பதற்கு முன் தோலைப் பார்ப்பது என்று விதி மாறியது. சோதனைத் தாளில் 'உலையில் நின்றவர் சொன்னது' என்று ஒரு கட்டம் புதிதாக வந்தது. அதில் ஏதாவது எழுதியிருந்தால், அதற்குச் சோதனைக் கூடம் பதில் எழுதாமல் ஒரு கம்பியும் வெளியே போகக் கூடாது. இன்றைக்கும் மூன்று ஷிப்டிலும் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

தேடல்தான் கடினமாக இருந்தது. முகவரின் பட்டியல் கடை வரைக்கும் வந்தது. கடைக்காரர்களோ வாங்கியவர் பெயரை எழுதிவைக்கவில்லை. அங்கே கைகொடுத்தவர் ஏசுதாஸ். கடற்கரைச் சாலையிலும் திருக்கழுக்குன்றம் சாலையிலும் எந்தப் பட்டறையில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. ஞாயிறுதோறும் பிரபாவதியும் சுப்பிரமணியும் புதுக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மாமல்லபுரம் வேன் நிறுத்தம், கல்பாக்கம், செங்கல்பட்டு ரயில் நிலைய வாசல், வேதகிரி மலையடிவாரம். கையில் டார்ச்சும், நீளக் கம்பியில் பொருத்திய ஒரு கண்ணாடியும். வண்டிக்கு அடியில் நீட்டி எண்ணைப் படிப்பார்கள்.

செய்யூரில் ராமதாஸ் என்பவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் அந்த எண் இருந்தது. கழற்றவிட மாட்டேன் என்றார். சத்தமில்லை, சாய்வில்லை, நன்றாக ஓடுகிற வண்டியில் கை வைக்க நீங்கள் யார் என்று கேட்டார். பிரபாவதி அறிவியல் சொன்னார்; எடுபடவில்லை.

"கயட்டி ஒரு தபா பாத்துடலாம் அண்ணாத்த. நல்லா இருந்தா அதையே மாட்டித் தரேன்," என்றார் சுப்பிரமணி.

கழற்றிய கம்பி பார்வைக்கு முழுசாகத்தான் இருந்தது. பிரபாவதி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, பூச்சுக்கு அடியில் ஓரிடத்தைச் சாக்கட்டியால் குறித்தார். சுப்பிரமணி அதன் பக்கத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினார். கம்பி இரண்டாக விழுந்தது. முக்கால் பங்கு ஏற்கெனவே துருவேறி விரிசல் விட்டிருந்தது. கால் பங்குதான் அன்றுவரை வண்டியைத் தாங்கியிருந்தது. ராமதாஸ் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அன்று மாலைவரை அவர்களோடேயே சுற்றி, அந்த ஊரில் மேலும் மூன்று வேன்களைக் காட்டிக்கொடுத்தார்.

மார்கழிக்குள் எண்பத்துமூன்றில் எண்பத்திரண்டு திரும்பி வந்துவிட்டன. ஒன்று வரவில்லை. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று சொல்லி நிர்வாகம் கோப்பை மூடியது. பிரபாவதி மூடவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு வேன் நின்றுகொண்டிருந்தால் அவரால் சும்மா தாண்டிப் போக முடிந்ததில்லை. சென்ற மாதம் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவையோடு மண்டபத்து வாசலில் ஒரு வேனுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரை, ஏதாவது தொலைந்துவிட்டதா என்று ஓட்டுநர் கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாராம். அந்தக் கம்பி இத்தனை ஆண்டு தாங்கியிருக்காதே, இன்னும் ஏன் தேடுகிறீர்கள் என்று எங்களில் ஒருவர் அவரிடம் கேட்டார். முதல் சில ஆண்டுகள் பயத்தில் தேடினேன் என்றார். பிறகு, "ஒருவேளை உடையாம இருந்தா? அது மட்டும் ஏன் உடையலன்னு தெரிஞ்சுக்கணுமில்ல," என்றார்.

அம்மையீர், மீண்டும் உங்களை நோக்கி வருகிறோம். பிழையே செய்யாதவர் என்று உங்களைப் புகழ எங்களுக்கு வழியில்லை. நீங்களே அதைக் கெடுத்துவிட்டீர்கள். உங்கள் பிழையை எங்கள் முன் விரித்து வைத்து, அதை நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொடுத்ததால்தான் இந்தக் கூடத்தில் இன்று யாரும் சொன்னதை மறைப்பதில்லை, கேட்டதை மறப்பதில்லை. ஓய்வு என்னும் சொல் உங்களுக்குப் பொருந்துமா என்பதில் எங்களுக்கு ஐயமுண்டு. ஆகையால் வேறு விதமாக வாழ்த்துகிறோம். எந்த வண்டியின் அடியிலும் குனிந்து நிமிரும் வலிமையோடு உங்கள் முழங்கால்கள் இருக்கட்டும். அழுக்கிலும் துருவிலும் மூன்றிலக்க எண்ணைப் படிக்கும் கூர்மையோடு உங்கள் கண்கள் இருக்கட்டும். நோய் அண்டாமல், நோக்கம் குன்றாமல், நரசிம்மன் ஐயாவோடு நெடுங்காலம் நலமாய் வாழ்க. திரும்பி வந்த கம்பிகளைக் குறித்துவைத்த பதிவேட்டின் கடைசி வரியை நிரப்பாமல் வைத்திருக்கிறோம். கம்பி எங்கள் கண்ணில் பட்டால் முதல் அழைப்பு உங்களுக்குத்தான். கழற்ற மாட்டோம், தேய்க்க மாட்டோம். நீங்கள் வரும்வரை அப்படியே வைத்திருப்போம்.

மாறா அன்புடன்,
சோதனைக் கூடத்தாரும் உலைப் பிரிவினரும்
மூன்று ஷிப்டுத் தோழர்களும்

சிங்கப்பெருமாள் கோயில்